மேலே ஆள் இருந்த மலை

முதலில் போனது ஒரு சத்தம். மலை ஏறும் அம்பாசிடர் காரின் இரண்டாம் கியர்ச் சத்தம்.

அந்தக் காரை இனிச் செய்வதில்லை என்று 2014 மே மாதம் செய்தி வந்தபோது நான் கனடாவின் கால்கரி நகரில் இருந்தேன். உத்தரப்பாரா ஆலையில் வேலையை நிறுத்திவிட்டார்கள். அடுத்த செய்திக்குப் போக முடியவில்லை. சமையலறையில் நின்றபடியே கண்ணை மூடிக் கேட்டுப் பார்த்தேன். கேட்டது. கொண்டை ஊசி வளைவில் பெரியப்பா கிளட்சை மிதிக்கும்போது வண்டி ஒரு கணம் மூச்சை நிறுத்தும். பின்சீட்டில் நாங்களும் நிறுத்துவோம். பிறகு அடித்தொண்டையில் உறுமிக்கொண்டு, ஜன்னல் கண்ணாடிகள் நடுங்க, மூங்கில் தூர்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்க, ஏறத் தொடங்கும். இன்றும் கேட்கிறது. முன்பைவிடத் தள்ளி.

எங்கள் பக்கத்தில் மலைக்குப் பஞ்சமில்லை. திண்டிவனத்துக்கு மேற்கே செஞ்சிப் பாறைகள். தெற்கே மயிலத்தில் முருகன் குன்று. ஆனால் எங்கள் வீட்டில் "மலைக்குப் போறோம்" என்றால் அது கல்வராயன் மலை மட்டும்தான். கிழக்குத் தொடர்ச்சி மலைகளில், சுமார் 1,095 சதுர கிலோமீட்டர் பரப்பில், சேலம் பக்கமும் நம் பக்கமுமாகக் கிடக்கிற மலை. வடக்கே சின்னக் கல்வராயன், தெற்கே பெரிய கல்வராயன். பார்க்கப் போன மலை இல்லை அது. மேலே நைனா இருந்தார், என் அப்பா.

வெள்ளிமலைக்கும் அப்பால், அரசுப் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி ஒன்றில் அவர் ஆசிரியர். மாதத்தில் ஒரு சனிக்கிழமை இறங்கி வருவார். மழைக்காலத்தில் அதுவும் இல்லை. அவர் இறங்காத மாதங்களில் சனி ஞாயிறு பார்த்து நாங்கள் ஏறினோம். பெரியப்பாவுக்குத் திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டி, நிலக்கடலை வியாபாரம். வாரம் முழுக்க மூட்டைக் கணக்கோடு ஊர் ஊராகச் சுற்றிய அந்தக் கார் எங்களுக்காக ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி கழுவப்படும். எவ்வளவு கழுவினாலும் சீட்டின் இடுக்கில் மல்லாட்டைத் தோல் இருக்கும். அந்த வாசனை இல்லாமல் எனக்கு மலை இல்லை.

"எதுக்கும்மா இந்த அலைச்சல்? அவன்தான் வரப்போறானே" என்பார் பெரியப்பா, வண்டிச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டே.

"மேல ஆள் இருக்குதே மாமா" என்பாள் அம்மா. அவ்வளவுதான் அவள் பதில். அதற்குமேல் அவள் எதையும் விளக்கியதில்லை.

விடியுமுன் கிளம்புவோம். கூட்டேரிப்பட்டில் மயிலத்தானுக்குக் காரிலிருந்தே ஒரு கும்பிடு. விக்கிரவாண்டி. முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலையின் கசந்த இனிப்பு நாற்றம், அரைத்தூக்கத்திலும் மூக்கைச் சுளிக்க வைக்கும் அந்த நாற்றம், அது வந்தால் விழுப்புரம் வந்துவிட்டது என்று அர்த்தம். ஐந்து திசைக்கும் ரயில் பிரிகிற ஊர். எந்த நேரத்தில் போனாலும் ஏதாவது ஒரு வண்டி கூவிக்கொண்டிருக்கும். ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் நிறுத்தி டீ குடிப்போம். எனக்குப் பாலில் கொஞ்சம் டிகாஷன். கண்ணாடி டம்ளரின் சூட்டை இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டு, மீட்டர்கேஜ் வண்டியின் கூவலைக் கேட்டுக்கொண்டு நிற்கிற அந்தப் பத்து நிமிஷம்... பிறகு தென்பெண்ணைப் பாலம், அகல மணல், நடுவில் கொஞ்சம் தண்ணீர். உளுந்தூர்பேட்டையில் சேலம் சாலைக்குத் திரும்பினால் சூரியன் எங்கள் முதுகுக்கு வந்துவிடும். தியாகதுருகத்துக் கோட்டைப் பாறை தாண்டியதும் அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு முன்னால் குனிந்து உட்காருவாள். மேற்கே கண் எட்டும் தூரம் வரை ஒரு நீலக்கோடு கிடக்கும். மேகமா மலையா என்று பிரிக்க முடியாது.

கள்ளக்குறிச்சியில் நைனாவின் சீட்டுப்படி சாமான் வாங்குவோம். அவருக்கு என்று அதில் அதிகம் இருக்காது. நல்லெண்ணெய், ரேடியோவுக்கு பேட்டரி, ஷேவிங் பிளேடு. மீதியெல்லாம் பிள்ளைகளுக்கு. பலகைக் குச்சி, சிரங்குக்கு மருந்து, தலைக்குத் தேங்காய் எண்ணெய், இரண்டு கோடு போட்ட நோட்டு. கச்சிராயபாளையத்தில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுவார் பெரியப்பா. பிறகு அணை. கோமுகி அணை.

அந்த அணையைப் பற்றிச் சொல்லாமல் மேலே போகக்கூடாது. நைனா மலையிலிருந்து எழுதும் இன்லண்டு கடிதம் எப்போதும் கோமுகியில்தான் தொடங்கும். நலம், நலமறிய ஆவல் எல்லாம் பிறகு. பொட்டியம், கல்படை என்று மலையிலிருந்து இறங்கும் ஓடைகள் அதில் வந்து சேருகின்றன. முழு உயரம் 46 அடி. யாராவது பஸ்ஸில் கீழே போய்வந்தால் அவர் முதலில் கேட்பது கோமுகியில் எத்தனை அடி என்பதுதான். அது தெரிந்தால் கச்சிராயபாளையத்து நெல் தெரியும், மலையில் எந்தப் பக்கம் மழை என்று தெரியும், பாதை அறுந்திருக்குமா என்று தெரியும், தான் இந்த மாதம் இறங்கமுடியுமா என்பதும் தெரியும். "கோமுகியில் 40 அடி" என்று முதல் வரியைப் படித்தாலே அம்மாவின் முகம் வாடிவிடும். நிறைய மழை. அவர் வரமாட்டார்.

ஏற்றம் தொடங்கும் இடத்தில் ஒரு குளிர்ச்சி. எந்த வளைவில் என்று குறித்துச் சொல்ல முடியாது, ஆனால் ஒரு வளைவுக்குக் கீழே கள்ளக்குறிச்சி வெயில், மேலே வேறு காற்று. பச்சை மூங்கிலும் ஈரமண்ணும் எங்கோ எரியும் சருகும் கலந்த காற்று. பெரியப்பா ஒவ்வொரு திருப்பத்திலும் ஹாரனை நீளமாக அழுத்துவார். எதிரே வண்டி வருவது அபூர்வம். அவர் அடித்தது நடந்து வருகிறவர்களுக்காக. கடுக்காய் மூட்டையும் சீமாற்றுப் புல்லுமாகத் தலைச்சுமையோடு இறங்கும் பெண்கள் மலைச்சுவர் ஓரமாக ஒதுங்கி நின்று, காருக்குள் குனிந்து பார்ப்பார்கள். கொஞ்ச நேரம் யோசிப்பார்கள். "வாத்தியார் ஊட்டு ஆளுங்களா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் சிரிப்பார்கள். அம்மா ஜன்னல் வழியே ஒரு கை வறுத்த மல்லாட்டையை நீட்டுவாள். அவர்கள் மடியிலிருந்து நாலு நெல்லிக்காய் வரும்.

பள்ளிக்கூடத்தில் மணி என்று ஒன்று கிடையாது. பலாமரத்தில் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டு. காரைப் பார்த்ததும் யாராவது ஒரு பையன் ஓடிப்போய் அதை அடித்துவிடுவான், வகுப்பு நேரமா இல்லையா என்றெல்லாம் பார்க்கமாட்டான். அந்த ஓசை சரிவில் இறங்கி எதிர்மலையில் பட்டுத் திரும்பி வருவதற்குள் நைனா வெளியே வந்து நிற்பார். ஓடி வரமாட்டார். நாங்கள் இறங்கும்வரை நிற்பார். பிறகு என்னைப் பார்த்து அவர் கேட்பது ஒன்றே ஒன்றுதான்.

"பாப்பா, வழியில வாந்தி எடுத்தியா?"

திண்டிவனத்து வீட்டில் நைனா மெதுவாகப் பேசுகிறவர். பக்கத்து அறைக்குக் கேட்காது. மலையில் அவருக்கு வேறு குரல் இருந்தது. அங்கே ஒரு மேட்டிலிருந்து அடுத்த மேட்டுக்குப் பேசுவார்கள். இடையில் இருக்கும் பள்ளம் ஒரு பொருட்டில்லை. கடைசி அசையை இழுத்து, காற்றில் ஏற்றி, அந்தப் பக்கம் இறக்கிவைக்கிற குரல். நைனாவும் அதைக் கற்றுக்கொண்டிருந்தார். பள்ளிக்கு வராத பையன்களைச் சாயங்காலம் அந்தக் குரலில் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். எங்கோ சாமைக் காட்டுக்குள்ளிருந்து பதில் வரும். அந்தக் குரலை அவர் கீழே கொண்டுவந்ததே இல்லை. ஓய்வு பெற்றுத் திண்டிவனத்துக்கு வந்தபிறகு ஒருநாள்கூட அப்படிக் கூப்பிட்டு நாங்கள் கேட்டதில்லை. பதிவுசெய்து வைத்துக்கொள்ள வழியில்லாத காலம். கல்யாணக் கேசட் ஒன்றில் அவர் பேசிய ஒரு வரி இருக்கிறது. பந்திக்கு ஆட்களைக் கூப்பிடுகிறார். அது திண்டிவனத்துக் குரல்.

ராத்திரி அரிக்கேன் விளக்கைத் தணித்துவிட்டு அவர் சொன்ன கதைகளில் ராஜாவும் இல்லை, பேயும் இல்லை. அந்த மலையே இருந்தது. சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்று மூன்று ஜாகீர்களாக இருந்த மலை. இந்தியா விடுதலை பெற்ற பிறகும் அங்கே ஜாகீர்தான். 1963-இல் இனாம் ஒழிப்புச் சட்டம் வந்தது. வழக்குகள் நீண்டு, அரசாங்கம் மலையை முழுதாகக் கையில் எடுக்க 1976 ஆகிவிட்டது. "நீ பொறந்தப்பதான் இவங்களுக்கு கவர்மெண்டே பொறந்துச்சு" என்பார். அவர் வகுப்பில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளில் பலர் தங்கள் வீட்டில் முதன்முதலாக எழுத்தைத் தொட்டவர்கள். காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்த கூட்டம் நாங்கள் என்று அவர்களுடைய பாட்டிமார்கள் சொல்வதை நைனா அப்படியே ஒப்பிப்பார். கரியராமர் கோயில் திருவிழா, பஞ்சத்தில் தோண்டித் தின்ற கிழங்கு, கரடி அடித்துப் பிழைத்த ஒரு கிழவர், அவர் முகத்தில் மூடாத ஒரு கண். அம்மா நடுவில் தூங்கிவிடுவாள். நான் தூங்கமாட்டேன். வெளியே குளிர் ஓட்டைப் பிராண்டும். கம்பளிக்குள் ஆட்டு வாசனை.

திரும்பும்போது நைனா காரின் பின்கதவை இருமுறை தட்டுவார். ஒன்று போதாது என்று ஏனோ நினைத்தார். அந்தத் தட்டல் கேட்டபிறகுதான் பெரியப்பா பிரேக்கிலிருந்து காலை எடுப்பார். இறக்கத்தில் அம்மா பேசமாட்டாள். அணை வரும்வரை பேசமாட்டாள்.

இப்போது இங்கே.

கால்கரியிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் பான்ஃப். கனடாவின் முதல் தேசியப் பூங்கா, 1885-இல் தொடங்கியது. அதற்கு வடக்கே, அதைவிடப் பெரிதாக, 1907-இல் அமைந்த ஜாஸ்பர். இரண்டையும் இணைக்கும் ஐஸ்ஃபீல்ட்ஸ் பார்க்வே, லேக் லூயிஸிலிருந்து ஜாஸ்பர் ஊர்வரை சுமார் 230 கிலோமீட்டர். 1930-களின் பெருமந்தத்தில் வேலை இழந்தவர்கள் மண்வெட்டியாலும் கடப்பாரையாலும் பெரும்பகுதியை வெட்டிப் போட்டார்கள், 1940-இல் திறந்தார்கள். உலகத்தில் காரில் போகத்தக்க மலைச்சாலைகளில் இதைவிட அழகானது இருந்தால் நான் பார்த்ததில்லை, மனதார அதைச் சொல்கிறேன். ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு மலை புதிதாக எழுந்து நிற்கும். ஏரிகளின் நிறம் நம் ஊர்த் தண்ணீருக்கு வராத நிறம். பெருஞ்சாலை மிருகங்களின் பாதையை வெட்டிப்போகும் இடத்தில், கரடியும் மானும் கடந்துபோக மரம் நட்ட மேம்பாலங்கள் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு கோடையிலும் போகிறோம். நானே ஓட்டுகிறேன். சீட் சூடாகிறது. வளைவு தெரியாமல் வண்டி திரும்புகிறது. என் மகளுக்கு வாந்தி வந்ததே இல்லை.

ஜன்னலை இறக்கினால் பைன் மரத்தின் வாசனை வருகிறது. நல்ல வாசனை. கண்ணாடியில் பூங்காவின் அனுமதிச் சீட்டு தொங்குகிறது. நூறு கிலோமீட்டர் போனாலும் ஒரு வீடு இல்லை, அடுப்புப் புகை இல்லை, தலைச்சுமையோடு ஒதுங்கி நின்று "யார் ஊட்டு ஆளுங்க" என்று கேட்க யாருமில்லை. இந்தக் காடு இப்படித்தான் எப்போதும் இருந்தது என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படி இல்லை. ஸ்டோனி நகோடா பூர்வகுடி மக்கள் தலைமுறை தலைமுறையாக வேட்டையாடிய நிலம் பான்ஃப். பூங்கா வந்தபிறகு அவர்களுக்கு அது மறுக்கப்பட்டது. ஜாஸ்பரில் பயிர்செய்து வாழ்ந்த மேட்டி என்ற பூர்வகுடிக் குடும்பங்களைப் பூங்கா அமைந்த சில ஆண்டுகளிலேயே வெளியேற்றினார்கள். ஆளை எடுத்துவிட்டு மலையை வைத்திருக்கிறார்கள். அதை அறிந்த நாளிலிருந்து அந்தச் சாலையின் அமைதியை என்னால் முழுதாக அனுபவிக்க முடியவில்லை. ஏதோ ஒரு சரிவிலிருந்து யாரோ ஒருவர் பெயரைச் சொல்லி இழுத்துக் கூப்பிட்டிருப்பார்கள். அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்திருக்கும்.

பாதி வழியில் அத்தபாஸ்கா பனியாறு. கடந்த 125 ஆண்டுகளில் அது ஒன்றரைக் கிலோமீட்டர் பின்வாங்கியிருக்கிறது. எந்த ஆண்டில் அதன் விளிம்பு எங்கே நின்றது என்று வழிநெடுக ஆண்டைக் குறித்து நட்டிருக்கிறார்கள். ஏறுகிறவர்கள் அவற்றின் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். நான் அங்கே எண்களை வேறு விதமாகப் படிக்கிறேன். நைனா இருந்த ஆண்டுகள் கீழே. அவர் இல்லாத ஆண்டுகள் மேலே. மேலே போகப்போகக் குளிர் கூடுகிறது. அம்மா இருந்த ஆண்டுகளும் கீழே போய்விட்டன.

உங்களுக்கும் இது தெரிந்திருக்கும். திண்டிவனத்தையோ விழுப்புரத்தையோ விட்டுப் பிழைக்கப் போனவர் யாரானாலும், துபாயில் இருந்தாலும் சிங்கப்பூரில் இருந்தாலும், சென்னையில் தாம்பரத்தில் இருந்தாலும், ஒரு மலையோ ஏரிக்கரையோ ஒரு ரயில் கூவலோ உங்களிடமும் இருக்கும். அதைத் தேடி ஊருக்குப் போயிருப்பீர்கள். இடம் இருந்திருக்கும்.

எனக்கும் இடம் இருந்தது. நைனா போன அடுத்த ஆண்டு அந்த வழியே ஏறினேன். நான்குவழிச் சாலை விழுப்புரத்துக்குள் நுழையாமலே சுற்றிக்கொண்டு போய்விடுகிறது, அதனால் டீ இல்லை. சர்க்கரை ஆலையின் நாற்றம் வந்திருக்கவேண்டிய இடத்தில் ஏசிக்காகக் கண்ணாடியை ஏற்றியிருந்தார்கள். இறக்கச் சொல்லி வாய் எடுப்பதற்குள் கடந்துவிட்டது. மலைப்பாதை நன்றாக இருந்தது. கரியாலூரில் படகு விடுகிறார்கள், பிள்ளைகளுக்குப் பூங்கா இருக்கிறது, கோடையில் விழா எடுக்கிறார்கள். பள்ளிக்குக் கான்கிரீட் கட்டடம் வந்திருக்கிறது. வேண்டியதுதான், இன்னும் முன்பே வந்திருக்கவேண்டும். கேட்டுக்கு வெளியே நின்றேன். ஞாயிற்றுக்கிழமை. மோட்டார் சைக்கிளில் போன ஒருவர் நிறுத்தி, நெற்றியைச் சுருக்கிப் பார்த்து, "வாத்தியார் பொண்ணா?" என்றார். நாற்பது வயதிருக்கும். நைனா அந்தக் குரலில் கூப்பிட்ட பெயர்களில் அவருடையதும் ஒன்றாக இருந்திருக்கும். வீட்டுக்குக் கூட்டிப்போய் மோர் கொடுத்தார். அவர் மகள் கள்ளக்குறிச்சியில் நர்சிங் படிக்கிறாள் என்று சொன்னார். நிறைய நேரம் பேசினோம், அவர் சொன்ன எல்லாமே நல்ல செய்திதான். இறங்கும்போது காரின் பின்கதவை யாரும் தட்டவில்லை. டிரைவர் தானாகவே கிளம்பினார்.

மலை எங்கும் போய்விடவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வதுண்டு. ஆனால் அது வேறு விதங்களில் போய்க்கொண்டே இருக்கிறது. எங்கள் தென்னார்க்காடு 1993-இல் பிரிந்து விழுப்புரம் மாவட்டம் வந்தபோது மலை எங்களோடு வந்தது. 2019 நவம்பர் 26-இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. மலைமக்களுக்கு அது நல்லது; ஆட்சியரைப் பார்க்க விழுப்புரம்வரை அவர்கள் இனி வரவேண்டியதில்லை. நைனா இருந்திருந்தால் மகிழ்ந்திருப்பார். வரைபடத்தில் மட்டும், விழுப்புரம் மாவட்டம் என்று எழுதிய இடத்தில் மேற்கு ஓரத்து நீலம் இல்லை.

2015 ஏப்ரலில் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டப் போனதாகச் சொல்லி இருபது தமிழர்களைச் சுட்டுக்கொன்றபோது, இறந்தவர்களின் ஊர்ப் பெயர்களை ஒவ்வொன்றாக நடுங்கிக்கொண்டே படித்தேன். எங்கள் மலையின் இன்னாடு இருக்குமோ, கிளாக்காடு இருக்குமோ, தொரடிப்பட்டு இருக்குமோ என்று. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அந்த வாரம் முழுக்க எல்லாச் செய்தியிலும் கல்வராயன் மலையின் பெயர். ஊறல் அழிப்பு, பேரல், சோதனை. மலை என்றாலே சாராயம் என்று பேசினார்கள், ஒருமுறையும் ஏறாதவர்கள். பிறகு சென்னை உயர் நீதிமன்றம் மலைமக்களின் நிலையைத் தானே முன்வந்து வழக்காக எடுத்தது. சாலை, ஆஸ்பத்திரி, பள்ளி என்று கேள்விகள் கேட்டது. நைனா நாற்பது வருடங்களுக்கு முன் இன்லண்டு கடிதத்தின் ஓரத்தில், இடம் போதாமல் பொடி எழுத்தில் எழுதிய அதே கேள்விகள்.

அந்தச் சாராயச் சாவுகளுக்கு அடுத்த மாதம், ஜூலையில், ஜாஸ்பரில் காட்டுத்தீ. ஊரில் மூன்றில் ஒரு பங்குக் கட்டடங்கள் எரிந்துபோயின. என் அலுவலகத்தில் அன்று யாரும் வேலை செய்யவில்லை. தேனிலவுக்குப் போன விடுதி, தாத்தா மீன் பிடிக்கக் கற்றுக்கொடுத்த கரை என்று ஆளுக்கு ஒன்றைச் சொல்லிக் கலங்கினார்கள். ஒருவர் தோளை ஒருவர் தொட்டார்கள். நானும் அழுதேன். என்னைத் தேற்றவும் ஒருவர் வந்தார். எந்த மலைக்காக என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கச்சிராயபாளையத்திலிருந்து தொடங்கவேண்டியிருந்திருக்கும்.

என்னிடம் இருப்பது கொஞ்சம்தான். கடுக்காய் ஒன்று, சுருங்கி இறுகிப்போனது. அம்மாவின் டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்த ஒரு கட்டுக் கடிதம். 1906-இல் ஃபிரான்சிஸ் எழுதிய தென்னார்க்காடு விவரச்சுவடியை இணையத்திலிருந்து இறக்கி வைத்திருக்கிறேன். தூக்கம் வராத இரவுகளில் மலையைப் பற்றிய பக்கங்களைத் திறந்து, தெரிந்த ஊர்ப்பெயர்களை ஆங்கில எழுத்துகளில் தடவித் தடவிக் கண்டுபிடிக்கிறேன். செயற்கைக்கோள் படத்தில் பள்ளியின் கூரையைக்கூடப் பெரிதாக்கிப் பார்க்கலாம். பலாமரம் இருக்கிறதா என்று மட்டும் தெரியவில்லை. மேலிருந்து பார்த்தால் எல்லா மரமும் ஒரே பச்சை.

ஐப்பசி பிறந்தால் ஊர்ப் பத்திரிகைகளைத் திறந்து அணைகளின் நீர்மட்டம் பார்ப்பது என் வழக்கமாகிவிட்டது. மேட்டூர் தினமும் வரும். சாத்தனூர் வரும். கோமுகி எப்போதாவதுதான் வரும், பாதுகாப்புக்காக 44 அடியில் நிறுத்தித் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள் என்று வெள்ள எச்சரிக்கையோடு. அது வராத நாட்களில் அண்ணனுக்குப் போன் செய்வேன். அவனுக்கும் திண்டிவனத்திலிருந்து அந்தப் பக்கம் போக வேலை இல்லை. "உனக்கு எதுக்கு அது?" என்று முதலில் கேட்டுக்கொண்டிருந்தான். இப்போது கேட்பதில்லை. எங்கேயோ விசாரித்துச் சொல்கிறான்.

இதைப் படிக்கிற உங்களில் யாராவது இந்த மழைக்குப் பின் கள்ளக்குறிச்சி வழியே மேலே போவதாக இருந்தால், கார்க் கண்ணாடியை இறக்கிவிட்டுப் போங்கள். வளைவுகளில் ஹாரன் அடியுங்கள், நடந்து வருகிறவர்கள் இருப்பார்கள். யாராவது ஒதுங்கி நின்று உங்களை யாரென்று கேட்டால் நின்று பதில் சொல்லுங்கள். சாமை இந்த வருடம் எப்படி, கடுக்காய் என்ன விலைக்குப் போகிறது என்று விசாரியுங்கள். வெள்ளிமலைக்கு அப்பால் ஏதாவது ஒரு பள்ளியில் தண்டவாளத் துண்டு தொங்குகிறதா என்று பாருங்கள். ஏறுவதற்கு முன்னால் அணைப்பக்கம் ஒரு நிமிஷம் வண்டியை நிறுத்தி, கோமுகியில் எத்தனை அடி என்று எனக்கு எழுதுங்கள்.